ஈராக்கிலிருந்து படைகளைத் திரும்ப அழைத்தல்: அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் இருந்த வழிகள் எவ்வளவு வலிமையானவை?

ஈராக்கில் அமெரிக்கப் படைகள் தொடர்ந்து இருக்க வேண்டுமா என்ற விவாதம் 2005ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் சூடுபிடித்தபோது, அதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடந்தன. படைகள் வெளியேறுவதுதான் சரியா என்பது ஒன்று. சரி என்று முடிவுக்கு வந்த உறுப்பினர்கள், அந்த முடிவை ஏற்காத அதிபரை எந்தச் சட்டக் கருவியைக் கொண்டு வழிக்குக் கொண்டுவருவது என்பது மற்றொன்று. முதல் கேள்வியைப் பற்றி எண்ணற்ற உரைகள் நிகழ்ந்தன. இரண்டாவதைப் பற்றிய தெளிவு கடைசிவரை வரவில்லை. போரை முடிக்க வேண்டும் என்ற நியாயம் எவ்வளவு வலுவாக இருந்தாலும், தவறான கருவியில் அதை ஏற்றினால் அது வெறும் அறிக்கையாகவே முடிந்துவிடும் என்பதால், அன்று எதிரில் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவை எவ்வளவு தூரம் செல்லக்கூடியவையாக இருந்தன என்று பார்ப்பது இன்றும் அவசியமாகிறது.

2005 நவம்பர் 17 அன்று, பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் பகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஜனநாயகக் கட்சிப் பிரதிநிதி ஜான் மர்த்தா, வீரர்களைத் திரும்ப அழைக்கும் நேரம் வந்துவிட்டது என்று அறிவித்தார். போர் எதிர்ப்பாளர் என்று அதுவரை யாரும் அவரைச் சொன்னதில்லை. மரைன் படையில் பணியாற்றி, வியட்நாமில் போரிட்டு, போரில் காயமுற்றவர்களுக்கு அளிக்கப்படும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தை இரண்டு முறை பெற்றவர். வியட்நாம் போர்க்களத்திலிருந்து திரும்பியவர்களில் பிரதிநிதிகள் சபைக்கு முதன்முதலாகத் தேர்வானவர். 2002 அக்டோபரில் ஈராக் மீது படை நடவடிக்கை எடுக்க அதிபருக்கு அதிகாரம் அளித்த தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்தவர். பாதுகாப்புத் துறையின் நிதி ஒதுக்கீட்டைக் கவனிக்கும் துணைக்குழுவில் தம் கட்சியின் முதல் நிலை உறுப்பினர். இராணுவத் தளபதிகள் மனம்விட்டுப் பேசக்கூடிய ஒரு சிலரில் அவரும் ஒருவர் என்று வாஷிங்டனில் கருதப்பட்டதால், அவருடைய சொல்லுக்கு மற்றவர்களின் சொல்லுக்கு இல்லாத எடை இருந்தது.

அவருடைய வாதத்தில் உணர்ச்சி இருந்தது. ஆனால் அதன் முதுகெலும்பு கணக்குதான். இராணுவம் தன்னிடம் கேட்கப்பட்ட எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டது, இனி ஈராக்கில் படைபலத்தால் சாதிக்க எதுவும் மிச்சமில்லை என்பது அவருடைய மையக் கருத்து. முந்தைய ஓராண்டில் தாக்குதல்கள் வாரத்துக்குச் சுமார் 150 என்ற நிலையிலிருந்து 700க்கும் மேலாக ஏறியிருந்தன. அன்றுவரை 2,079 அமெரிக்க வீரர்கள் இறந்திருந்தார்கள். 15,000க்கும் மேற்பட்டோர் காயமுற்றிருந்தார்கள். துருப்புகளின் எண்ணிக்கையும் பணமும் குறையாத நிலையில் தாக்குதல்கள் பெருகுகின்றன என்றால், வன்முறையை அடக்க அனுப்பப்பட்ட படைகளே வன்முறைக்கு இலக்காகவும் காரணமாகவும் ஆகிவிட்டன என்றுதானே பொருள் என்று அவர் கேட்டார். வால்டர் ரீட், பெதஸ்டா இராணுவ மருத்துவமனைகளுக்கு அவர் அநேகமாக ஒவ்வொரு வாரமும் போய்வந்தார். கை கால்களை இழந்த இளைஞர்களின் படுக்கையருகில் நின்று பேசியவர் என்பதால், போரை விலகியிருந்து நடத்துபவர்களின் உறுதிமொழிகள் அவருக்குப் போதவில்லை.

அவர் கொண்டுவந்த கூட்டுத் தீர்மானம் மிகச் சிறியது, மூன்றே பிரிவுகள். ஈராக்கில் படைகளை நிறுத்தியிருப்பது காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், கட்டளையால் முடிவுக்குக் கொண்டுவரப்படுகிறது, அப்படைகள் நடைமுறையில் இயன்ற மிக விரைவான நாளில் வேறிடம் மாற்றப்பட வேண்டும் என்பது முதல் பிரிவு. விரைந்து செயல்படக்கூடிய ஒரு படையும், எல்லைக்கு அப்பால் மரைன் வீரர்களின் ஒரு பிரிவும் அந்தப் பகுதியில் நிறுத்தப்பட வேண்டும் என்பது இரண்டாவது. ஈராக்கின் பாதுகாப்பையும் நிலைத்தன்மையையும் அமெரிக்கா இனி அரசதந்திர முயற்சிகளின் மூலம் நாட வேண்டும் என்பது மூன்றாவது. வெளியேற்றத்துக்கு ஆறு மாதம் ஆகலாம் என்று அவர் மதிப்பிட்டார்.

மறுநாளே, நவம்பர் 18 அன்று, குடியரசுக் கட்சித் தலைமை இதற்குப் பதிலாகத் தன் சொந்தத் தீர்மானம் ஒன்றை வாக்கெடுப்புக்கு வைத்தது. அதில் இரண்டாவது, மூன்றாவது பிரிவுகள் இல்லை. கால அவகாசமும் இல்லை. ஈராக்கில் படைகளை நிறுத்துவது உடனடியாக முடிவுக்கு வர வேண்டும் என்ற ஒரே வரிதான் இருந்தது. அது 3க்கு எதிராக 403 வாக்குகளில் தோற்றது. மர்த்தாவும் அதற்கு எதிராகத்தான் வாக்களித்தார். ஒரு முன்மொழிவிலிருந்து அதன் பாதுகாப்புகளை எல்லாம் உருவிவிட்டு, எஞ்சியதைக் காட்டி ‘பாருங்கள், இவர்கள் ஓடிப்போகச் சொல்கிறார்கள்’ என்று வாக்கெடுப்பு நடத்துவது நேர்மையான விவாதம் ஆகாது. அந்த இரவின் வாக்குப் பதிவை மர்த்தாவின் யோசனைக்குக் கிடைத்த தோல்வியாக எடுத்துக்கொள்பவர்கள் இரண்டு தீர்மானங்களின் வாசகங்களையும் அருகருகே வைத்துப் படித்தால் போதும்.

மர்த்தாவின் யோசனைக்கு எதிர்ப்புறத்தில் இருந்தது அதிபர் புஷ்ஷின் நிபந்தனை வழி. ஈராக்கியப் படைகள் எழுந்து நிற்க நிற்க அமெரிக்கப் படைகள் பின்வாங்கும் என்று 2005 ஜூனில் அவர் சொன்னார். மேலோட்டமாகப் பார்த்தால் இது மிகப் பொறுப்பான நிலைப்பாடு: நாள் குறிக்காமல், களநிலையைப் பார்த்து முடிவெடுப்பது. ஆனால் நிபந்தனை நிறைவேறிவிட்டதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் போரை நடத்துபவரிடமே இருக்கும்போது, அந்த நிபந்தனை யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. நிலைமை மோசமானால் இப்போது போக முடியாது, முன்னேறினால் இப்போது போனால் வீணாகிவிடும் என்று இரண்டு பக்கமும் ஒரே விடையைத் தரும் வழி இது. மர்த்தாவின் உரைக்கு இரண்டு நாள் முன்பு செனட் 79-19 என்ற வாக்கில் நிறைவேற்றிய திருத்தமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். 2006ஆம் ஆண்டு ஈராக்கிய இறையாண்மைக்கு மாறிச்செல்லும் முக்கியமான ஆண்டாக இருக்க வேண்டும் என்று அது விரும்பியது. விருப்பத்தைச் சொன்னதே தவிர எவரையும் எதையும் செய்யும்படி அது பணிக்கவில்லை. 2006ஆம் ஆண்டு எப்படிப் போனது என்பது நமக்குத் தெரியும்.

நிபந்தனை வழியின் வலுவான வடிவம் 2007 ஜனவரி 10 அன்று அறிவிக்கப்பட்ட படைப்பெருக்கம். ஐந்து பிரிகேடுகள், 20,000க்கும் மேற்பட்ட கூடுதல் வீரர்கள். முன்னாள் வெளியுறவு அமைச்சர் பேக்கர், முன்னாள் பிரதிநிதி ஹாமில்டன் இருவரின் தலைமையிலான ஈராக் ஆய்வுக்குழு, 2008ஆம் ஆண்டின் முதல் காலாண்டுக்குள் போர்ப்பிரிவுகளில் பெரும்பகுதி வெளியேறிவிட முடியும் என்று ஒரு மாதம் முன்புதான் சொல்லியிருந்தது. அதிபர் அதற்கு நேரெதிர்த் திசையில் போனார். படைப்பெருக்கத்தை எதிர்த்தவர்கள் இன்று அதைப் பற்றி எழுதும்போது அதன் பலனைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. 2007ஆம் ஆண்டு அமெரிக்க வீரர்களுக்கு அந்தப் போரிலேயே மிக அதிக உயிரிழப்பு நேர்ந்த ஆண்டாக இருந்தபோதிலும், அதன் பின்பாதியிலிருந்து வன்முறை உண்மையாகவே சரிந்தது. அன்பார் மாகாணத்தில் சுன்னி இனக்குழுத் தலைவர்கள் அல்-கொய்தாவுக்கு எதிராகத் திரும்பியதும், ஷியா மதகுரு முக்ததா அல்-சதர் 2007 ஆகஸ்டில் தம் போராளிகளுக்குப் போர்நிறுத்தம் அறிவித்ததும் அதற்குத் துணைநின்றன. ஆயினும் கூடுதல் படைகளுக்கு அதில் பங்கில்லை என்று சொல்வது சரியாகாது.

கேட்க வேண்டியது வேறு கேள்வி. ஈராக்கின் அரசியல் தலைவர்கள் தங்களுக்குள் உடன்பாடு காண்பதற்கு மூச்சுவிடும் இடைவெளி தருவதே படைப்பெருக்கத்தின் நோக்கம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த உடன்பாட்டை அளக்க நாடாளுமன்றமே 18 அளவுகோல்களைச் சட்டத்தில் எழுதியது. 2007 செப்டம்பரில் அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. அளித்த அறிக்கைப்படி, அவற்றில் மூன்று மட்டுமே நிறைவேறியிருந்தன, நான்கு ஓரளவு, பதினொன்று நிறைவேறவில்லை. இதைவிட வேதனையானது, அவை நிறைவேறாவிட்டால் என்ன ஆகும் என்று அந்தச் சட்டத்தில் படைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாதது. தேர்வில் தோற்றாலும் தேர்ச்சிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு நடத்திய தேர்வு அது. படைபலத்தால் இனி முடிவதில்லை, எஞ்சியிருப்பது ஈராக்கியர்களின் அரசியல் என்று மர்த்தா இரண்டு ஆண்டுகளுக்கு முன் சொன்னதை அந்த அறிக்கை பெருமளவுக்கு உறுதிப்படுத்தியது.

மர்த்தாவின் வழிக்கும் அதே கடுமையான அளவுகோலைப் பிடிக்க வேண்டும். 2005 நவம்பரிலிருந்து ஆறு மாதம் என்றால் 2006 மே. ஆனால் பிப்ரவரி 22 அன்று சமாராவில் ஷியா முஸ்லிம்களின் அல்-அஸ்கரி புனிதத்தலத்தின் பொற்குவிமாடம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு, சுன்னி-ஷியா மோதல் உள்நாட்டுப் போராக வெடித்தது. அதாவது, அவருடைய திட்டம் நிறைவேறியிருந்தால், வெளியேற்றத்தின் நடுவில், பாதிப் படைகள் சாலையில் இருக்கும்போது அந்தத் தீ மூண்டிருக்கும். எல்லைக்கு அப்பால் நிற்கும் படை அப்போது என்ன செய்திருக்கும்? பாக்தாதின் தெருக்களுக்குத் திரும்பியிருக்குமா, குவைத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்குமா? தீர்மானத்தின் இரண்டாவது பிரிவு இதற்கு விடை சொல்லவில்லை. இது உண்மையான குறை. அதே சமயம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் உள்ளே இருந்தபோதுதான் அந்த உள்நாட்டுப் போர் மூண்டது, அவர்கள் இருந்தும் அது தடுக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். மர்த்தா பேசிய நாளுக்குப் பிறகு, 2011 இறுதிவரை, இறந்த அமெரிக்க வீரர்களின் எண்ணிக்கை அன்றுவரை இறந்தவர்களின் எண்ணிக்கையையும் தாண்டியது. ஈராக்கியர்கள் கொடுத்த விலை அதைவிடப் பன்மடங்கு.

அடுத்த வழி, சட்டத்தில் நாள் குறிப்பது. 2005இல் செனட்டர் கார்ல் லெவின் கொண்டுவந்த கால அட்டவணைத் திருத்தம் 40-58 என்று தோற்றது. 2006 தேர்தலில் ஜனநாயகக் கட்சி இரு அவைகளையும் கைப்பற்றிய பிறகு, போர்ச்செலவுக்கான துணை நிதி மசோதாவிலேயே நாள் எழுதப்பட்டது: வெளியேற்றம் 2007 அக்டோபர் 1க்குள் தொடங்க வேண்டும், அதன்பின் 180 நாட்களில் அதை முடிப்பது இலக்கு. பிரதிநிதிகள் சபையில் 218-208, செனட்டில் 51-46. மே 1 அன்று அதிபர் அதை வீட்டோ செய்தார், அதாவது கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். மறுநாள் அதை மீற நடந்த வாக்கெடுப்பில் 222-203 கிடைத்தது, மூன்றில் இரண்டு பங்குக்கு வெகுதூரம். மே 25 அன்று, நாள் குறிப்பு ஏதுமில்லாமல், மேலே சொன்ன 18 அளவுகோல்களோடு பணம் கொடுக்கப்பட்டது.

நாள் குறிப்பதை எதிர்த்தவர்களின் முதன்மையான வாதம், எதிரி அந்த நாள் வரை பதுங்கியிருந்துவிட்டுப் பிறகு வெளிவருவான் என்பது. இதைப் புறந்தள்ள முடியாது. ஆனால் இதற்கான விடையை அதே அதிபரின் அரசே பின்னர் எழுதிக்கொடுத்தது. 2008 நவம்பர் 17 அன்று பாக்தாதில் கையெழுத்தான ஒப்பந்தம், 2009 ஜூன் 30க்குள் போர்ப்படைகள் நகரங்களைவிட்டு வெளியேறும் என்றும் 2011 டிசம்பர் 31க்குள் எல்லாப் படைகளும் ஈராக்கைவிட்டே வெளியேறும் என்றும் இரண்டு நாட்களைக் குறித்தது. அந்த இரண்டு நாட்களும் உலகமே அறிந்திருந்தும், இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் வன்முறை 2006-07 நிலைக்குத் திரும்பவில்லை. நாள் குறிப்பதில் இன்னொரு நன்மை உண்டு, அது விவாதங்களில் போதிய அளவு பேசப்படவில்லை: அந்த நாள் எதிரிக்கு மட்டுமல்லாமல், உள்ளூர் அரசுக்கும், அமெரிக்கப் படைகளை நம்பி உடன் உழைத்தவர்களுக்கும், தளவாடங்களை மூட்டைகட்ட வேண்டிய அதிகாரிகளுக்கும் சேர்த்தே சொல்லப்படுகிறது.

2014 ஜூனில் மோசுல் நகரம் ஐ.எஸ். அமைப்பிடம் வீழ்ந்ததைச் சுட்டிக்காட்டி, வெளியேறியதே தவறு என்று சொல்பவர்கள் பலர். அமெரிக்கா பல ஆண்டுகள் பயிற்சியளித்து ஆயுதம் கொடுத்த ஈராக்கியப் படைப்பிரிவுகள், தங்களைவிட எண்ணிக்கையில் மிகக் குறைந்த ஒரு கூட்டத்தின் முன் கலைந்து ஓடின. பாக்தாத் அரசு சுன்னி மக்களை ஒதுக்கிவைத்ததும், படைத்தலைமைப் பதவிகளைத் தனக்கு வேண்டியவர்களுக்குக் கொடுத்ததும் அந்தச் சரிவுக்குப் பின்னால் இருந்தன. இன்னும் பத்தாயிரம் அமெரிக்க வீரர்கள் அங்கே இருந்திருந்தால் மோசுல் தப்பியிருக்கலாம். அப்படியானால் அந்த வீரர்கள் எந்த ஆண்டு திரும்பியிருப்பார்கள் என்பதையும் அந்த வாதத்தை முன்வைப்பவர்கள் சொல்ல வேண்டும்.

இப்போது கருவிகளுக்கு வருவோம். அமெரிக்க அரசியலமைப்பில் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கும் மிக வலுவான ஆயுதம் கஜானாச் சாவி. இதன் கணக்கைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். போரை நிறுத்து என்று ஒரு சட்டம் இயற்றினால், அதிபர் அதை வீட்டோ செய்வார். மீறுவதற்கு இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆகவே போரைத் தொடங்கக் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுவதற்கு, அதைக் கொடுக்கத் தேவைப்பட்டதைவிட அதிக வாக்குகள் தேவைப்படுகின்றன. ஆனால் பணம் அப்படியல்ல. ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறாமல் ஒரு டாலரையும் எடுக்க முடியாது. எனவே ஒரே ஓர் அவையின் சாதாரணப் பெரும்பான்மை, பணம் தர மறுப்பதன் மூலம், அதிபரைப் பேச்சுக்கு இழுக்க முடியும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு 1973 சாட்சி. கம்போடியா மீதான குண்டுவீச்சுக்குப் பணம் கிடையாது என்று காங்கிரஸ் எழுதிய மசோதாவை அதிபர் நிக்ஸன் ஜூன் 27 அன்று வீட்டோ செய்தார். அதை மீறும் முயற்சி பிரதிநிதிகள் சபையில் 241-173 என்று தோற்றது. வழக்கமாக அங்கேயே கதை முடிந்திருக்கும். ஆனால் அன்றைய நிதியாண்டு ஜூன் 30 அன்று முடிய இருந்தது. அரசு இயங்கப் பணம் வேண்டும். வரும் ஒவ்வொரு நிதி மசோதாவிலும் அதே தடையைச் சேர்ப்போம் என்று உறுப்பினர்கள் உறுதியாக நின்றார்கள். மூன்றே நாட்களில் நிக்ஸன் இறங்கிவந்து, ஆகஸ்ட் 15 என்ற நாளுக்கு ஒப்புக்கொண்டார். அந்த நாளில் குண்டுவீச்சு நின்றது. அதற்கு முன்பு 1971இல், படைகள் வெளியேற வேண்டும் என்று செனட்டர் மேன்ஸ்ஃபீல்ட் கொண்டுவந்த திருத்தம் நீர்த்துப்போன வடிவில் சட்டமானபோது, இது என்னைக் கட்டுப்படுத்தாது என்று எழுதியே கையெழுத்திட்டவர் அதே நிக்ஸன். அதே அதிபர், அதே போர். பணத்தோடு கட்டப்படாத நாளை அவர் பொருட்படுத்தவில்லை, பணத்தோடு கட்டப்பட்ட நாளுக்குப் பணிந்தார்.

சோமாலியா இன்னும் துல்லியமான எடுத்துக்காட்டு. 1993 அக்டோபர் 3, 4 தேதிகளில் மொகடிஷுவில் 18 அமெரிக்க வீரர்கள் கொல்லப்பட்ட பிறகு, செனட்டர் ராபர்ட் பைர்டின் திருத்தம் 1994 மார்ச் 31க்குப் பிறகு அங்கே போர் நடவடிக்கைக்குப் பணம் இல்லை என்று வரையறுத்தது. தூதரகத்தையும் அமெரிக்கக் குடிமக்களையும் காக்கத் தேவையான சிறிய எண்ணிக்கைக்கு விலக்கு அளித்தது. அதிபர் கிளின்டனும் அதே நாளைத் தாமே அறிவித்திருந்தார் என்பதால் மோதல் இல்லாமல் நடந்தது. படைகள் அந்த நாளுக்குச் சில தினங்கள் முன்பே வெளியேறின. நாள், பணம், விலக்கு ஆகிய மூன்றும் ஒரே பத்தியில் இருந்தன. மர்த்தாவின் தீர்மானத்தில் முதலாவது மங்கலாக இருந்தது. இரண்டாவது இல்லவே இல்லை. நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுவில் நீண்ட அனுபவம் கொண்ட ஒருவர் கஜானாவைத் தொடாத ஒரு தீர்மானத்தை எழுதியது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

அப்படியானால் 2007இல் ஏன் கஜானாச் சாவியைத் திருப்பவில்லை? செனட்டர் ரஸ் ஃபைங்கோல்ட் 2008 மார்ச் 31க்குப் பிறகு போருக்குப் பணமில்லை என்று கொண்டுவந்த திருத்தம் 29-67 என்று தோற்றது; போரை வெளிப்படையாக எதிர்த்த பலரே அதற்கு எதிராக வாக்களித்தார்கள். களத்தில் நிற்கும் வீரனின் கையிலிருந்து தோட்டாவைப் பிடுங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அவர்கள் அஞ்சினார்கள். அந்தக் குற்றச்சாட்டு உண்மையல்ல. பத்து மாதம் தள்ளி ஒரு நாளைக் குறிக்கும் சட்டம் நாளைய தோட்டாவைத் தொடுவதில்லை, வீட்டுக்குத் திரும்பும் செலவை அது எப்போதும் அனுமதிக்கிறது. ஆனால் அரை நிமிடத் தேர்தல் விளம்பரத்தில் இதை விளக்க இடமிருக்காது என்பதும் உண்மை. இதைத் தாண்டுவதற்கு வாக்காளர்களிடம் மாதக்கணக்கில் முன்கூட்டியே பேச வேண்டும். அந்த வேலை நடக்கவில்லை.

மற்ற இரண்டு வழிகளை விரைவாகக் கடந்துவிடலாம். போருக்குக் கொடுத்த அதிகாரத்தையே ரத்து செய்வது ஒன்று. வியட்நாம் போருக்கு அடிப்படையாக இருந்த டோங்கின் வளைகுடாத் தீர்மானம் 1971 ஜனவரியில் ரத்தானது. கடைசிப் போர்ப்படைகள் வெளியேறியது 1973 மார்ச் 29 அன்று. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள், தன்னிடம் இருக்கும் படைகளைப் பாதுகாக்கும் அதிகாரம் தனக்கு இயல்பாகவே உண்டு என்று சொல்லியே நிர்வாகம் போரை நடத்தியது. மற்றொன்று, 1973இல் வீட்டோவை மீறி இயற்றப்பட்ட போர் அதிகாரச் சட்டம். இரு அவைகளும் இணைந்து நிறைவேற்றும் தீர்மானத்தின் மூலம், அதிபரின் கையெழுத்து இல்லாமலே படைகளைத் திரும்ப அழைக்கலாம் என்று அது சொல்கிறது. ஆனால் இத்தகைய வீட்டோவுக்கு அப்பாற்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று 1983இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பிறகு அந்தப் பிரிவின் கூர் மழுங்கிவிட்டது. ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறக் கோரி பிரதிநிதி டென்னிஸ் குசினிச் 2010இல் இந்த வழியில் கொண்டுவந்த தீர்மானம் 65-356 என்று தோற்றாலும், மூன்று மணி நேரம் அந்தப் போரைப் பற்றி அவை பேசியே ஆக வேண்டிய நிலையை ஏற்படுத்தியது. விவாதத்தைக் கட்டாயமாக்க இது நல்ல கருவி. போரை நிறுத்த அல்ல.

கவனத்துக்கு உரிய, ஆனால் மறக்கப்பட்டுவிட்ட ஒரு நடுவழி உண்டு. 2007 தொடக்கத்தில் மர்த்தாவே அதைத் தேர்ந்தெடுத்தார். பணத்தை வெட்டாமல், பணத்தைச் செலவிடும் தகுதியை வரையறுப்பது. முழுமையான பயிற்சியும் கருவிகளும் ஓய்வும் பெற்ற பிரிவுகளை மட்டுமே அனுப்பலாம். ஓராண்டு களப்பணிக்குப் பின் ஓராண்டாவது வீட்டில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதன் தேவை என்னவென்று ஒரு வீரனின் நாட்காட்டியை அருகில் வைத்துப் பார்த்தால் தெரியும். 2007 ஏப்ரலில் தரைப்படையின் களப்பணிக் காலம் 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டிக்கப்பட்டது; திரும்பிவந்த பிறகு கிடைப்பது 12 மாதம்; அந்தப் பன்னிரண்டிலும் கணிசமான பகுதி, அடுத்த புறப்பாட்டுக்கான பயிற்சிக்காக முகாமிலும் துப்பாக்கிச்சுடு திடலிலும் கழியும். பிறந்த குழந்தை நடக்கத் தொடங்கியதைக் காணாதவன், அது பேசத் தொடங்கும் காலத்தில் மீண்டும் விமானம் ஏற வேண்டும். செனட்டில் ஜிம் வெப், தாமும் வியட்நாமில் போரிட்ட மரைன், மகனை ஈராக்குக்கு அனுப்பியவர், இதே கருத்தைத் திருத்தமாகக் கொண்டுவந்து ஜூலையில் 56-41, செப்டம்பரில் 56-44 வாக்குகள் பெற்றார். விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகத் தேவைப்பட்ட 60க்கு நான்கு குறைவு. நாள் குறிக்கும் திருத்தங்களைவிட இது அதிகக் குடியரசுக் கட்சி உறுப்பினர்களை ஈர்த்தது என்பது முக்கியம்.

எதிர்த்தவர்கள் இதைப் பின்வாசல் வழியாகப் போரை முடிக்கும் முயற்சி என்றார்கள். ஒருவகையில் உண்மைதான், அந்த அளவுகோலின்படி படைப்பெருக்கத்தை நீண்ட நாள் தாங்கிக்கொள்ள இராணுவத்தால் முடிந்திருக்காது. ஆனால் ஒரு போரை நடத்தத் தேவையான வீரர்கள் ஓய்வின்றி மட்டுமே கிடைப்பார்கள் என்றால், அந்தப் போரின் அளவைக் குறைக்க வேண்டும் என்று சொல்வது பின்வாசல் ஆகாது. என் பார்வையில் இதன் குறை வேறு: மர்த்தாவின் அளவுகோல்கள் மசோதாவில் சேர்ந்தபோது, அதிபர் விரும்பினால் அவற்றைத் தள்ளிவைக்கலாம் என்ற விலக்கும் கூடவே சேர்ந்துவிட்டது.

நாள் குறிப்பதே போதும் என்று நினைப்பவர்கள் ஆப்கானிஸ்தானையும் பார்க்க வேண்டும். 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் தாலிபானுடன் கையெழுத்தான ஒப்பந்தம் 14 மாதக் கெடுவைக் குறித்தது. ஆப்கன் அரசு அந்த மேசையில் இல்லை. அதிபர் பைடன் 2021 ஏப்ரலில் அந்தக் கெடுவைச் செப்டம்பர் 11க்குத் தள்ளினார். ஆகஸ்ட் 15 அன்று காபூல் வீழ்ந்தது. 26 அன்று விமான நிலைய வாயிலில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் 13 அமெரிக்க வீரர்களும் ஏராளமான ஆப்கானியர்களும் இறந்தார்கள். கெடு இருந்தது, அந்தக் கெடுவுக்குள் யாரை வெளியே கொண்டுவர வேண்டும், எந்த விசாவில், எந்த வரிசையில் என்ற சட்டக் கடமை போதிய வலுவுடன் இல்லை. வெளியேறும் முடிவு சரியானது என்று கருதும் நானே, அது நடந்த விதத்தை நியாயப்படுத்த மாட்டேன்.

இத்தனையையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, 2005இல் மர்த்தா முன்வைத்த காரணங்கள் சரியாகவே இருந்தன என்றும், அவற்றை ஏற்றிச்செல்ல 1993இன் பைர்ட் திருத்தமே ஏற்ற வாகனமாக இருந்திருக்கும் என்றும் நான் கருதுகிறேன்: ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை தள்ளிக் குறிக்கப்பட்ட ஒரு நாள், அதற்குப் பிறகு போர் நடவடிக்கைக்குப் பணம் இல்லை என்ற தடை, தூதரகப் பாதுகாப்புக்கும் வெளியேற்றத்துக்கும் விலக்கு, அந்த நாள் வரும்வரை தள்ளிவைக்க முடியாத வெப் திருத்தத்தின் ஓய்வு விதி. சமாரா போன்ற ஒன்று நடந்தால் எல்லைக்கு அப்பால் நிற்கும் படை எதற்காக மட்டும் திரும்பலாம் என்பதையும் அதில் எழுதியிருக்க வேண்டும். வீட்டோ வரும், அப்போது, 1973இல் செய்ததைப் போல, அடுத்த நிதி மசோதாவிலும் அதற்கடுத்ததிலும் அதே பத்தியைச் சேர்க்கும் பொறுமை வேண்டும்.

இவற்றோடு, மர்த்தாவின் மூன்று பிரிவுகளில் இல்லாத நான்காவது ஒன்றும் தேவை. அமெரிக்கப் படைகளுக்கு மொழிபெயர்ப்பாளர்களாகவும் ஓட்டுநர்களாகவும் வழிகாட்டிகளாகவும் உழைத்த ஈராக்கியர்கள், அந்த வேலைக்காகவே கொலைப் பட்டியல்களில் இடம்பெற்றார்கள். அவர்களுக்கு ஆண்டுக்கு 5,000 சிறப்பு விசாக்கள் என்ற சட்டம் 2008 ஜனவரியில்தான், போர் தொடங்கி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. அப்போதும் விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் தேங்கின. வெளியேறும் நாளைக் குறிக்கும் அதே மசோதாவில், அந்த நாளுக்கு முன்பே இவர்களின் விண்ணப்பங்கள் முடிவுசெய்யப்பட வேண்டும் என்ற கெடுவையும், அதற்கான அலுவலர்களுக்கும் விமானங்களுக்குமான பணத்தையும் எழுதியிருக்க முடியும். அப்படி எழுதியிருந்தால், பதின்மூன்று ஆண்டுகள் கழித்துக் காபூலில் விமான நிலையச் சுவரோரம் காகிதங்களை உயர்த்திப் பிடித்து நின்றவர்களுக்கும் பின்பற்ற ஒரு முன்மாதிரி இருந்திருக்கும்.